முதிய மூளையின் கையிருப்பு

மூளைக்குள் ஏற்பட்டிருக்கும் சேதத்தின் அளவும், அந்த மூளைக்கு உரியவர் அன்றாட வாழ்வில் இழந்திருக்கும் திறனின் அளவும் ஒன்றுக்கொன்று நேர்விகிதத்தில் அமைவதில்லை என்பது, முதுமை குறித்த நரம்பியல் ஆய்வுகள் கடந்த நாற்பது ஆண்டுகளில் கண்டறிந்த உண்மைகளுள் முதன்மையானது. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மனும் அவருடைய குழுவினரும் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வாழ்ந்து மறைந்த 137 பேரின் மூளைகளைப் பரிசோதித்து 1988-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, இந்த உண்மையை மறுக்கவியலாத வகையில் முன்வைத்தது. அவர்களுள் பத்துப் பேரின் மூளைகளில் அல்சைமர் நோய்க்குரிய மாற்றங்கள் தெளிவாகக் காணப்பட்ட போதிலும், அந்தப் பத்துப் பேரும் உயிரோடு இருந்தவரை நினைவிலும் செயலிலும் நோயற்றவர்களுக்குச் சற்றும் குறையாதவர்களாகவே விளங்கினர். அவர்களுடைய மூளைகள் அதே வயதினரின் மூளைகளைவிட எடை மிகுந்தும், பெரிய நரம்பணுக்களைக் கூடுதலாகக் கொண்டும் இருந்தன.

அல்சைமர் நோயின் உடற்கூற்று அடையாளங்கள் இரண்டு: நரம்பணுக்களுக்கு வெளியே படியும் அமிலாய்டு என்னும் புரதத் திட்டுகள், நரம்பணுக்களுக்கு உள்ளே நூல்சிக்கு போல முறுக்கிக்கொள்ளும் டாவ் என்னும் புரதத்தின் முடிச்சுகள். இவ்விரண்டும் மலிந்திருந்தும் அறிவு மங்காதிருந்தவர்களுள் மிகவும் பேசப்பட்டவர், ஆய்வுலகில் ‘சகோதரி மேரி’ என்று குறிப்பிடப்படும் கத்தோலிக்கக் கன்னியர். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்நோடன், நோட்ரடாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த 678 கன்னியரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த புகழ்பெற்ற ஆய்வில் பங்கேற்ற அவர், 84 வயதுவரை ஆசிரியப் பணி செய்து, 101 வயதில் மறைந்தார். இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்த சோதனைகளில்கூட உயர்ந்த மதிப்பெண்கள் பெற்றிருந்த அவருடைய மூளை வெறும் 870 கிராம் எடையே இருந்தது. திட்டுகளும் முடிச்சுகளும் அதில் ஏராளமாகக் காணப்பட்டன. வளர்ந்த மனிதரின் மூளை சராசரியாக 1,300 கிராமுக்கு மேல் எடையுள்ளது என்பதைக் கருதினால், காட்ஸ்மன் முன்வைத்த ‘பெரிய மூளை’ என்னும் விளக்கம் மட்டும் போதாது என்பது விளங்கும்.

அந்தப் போதாமையை நிரப்ப எழுந்த கருத்தே ‘அறிதிறன் கையிருப்பு’. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாக்கோவ் ஸ்டெர்ன் இதனை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர். 60 வயதைக் கடந்த, மறதிநோய் இல்லாத 593 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1994-இல் அவர் குழு வெளியிட்ட முடிவின்படி, எட்டு ஆண்டுகளுக்கும் குறைவாகப் பள்ளி சென்றவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. வாழ்நாளில் செய்த வேலையும் எளிய வகையினதாக இருந்துவிட்டால் அது மூன்று மடங்கை நெருங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு இதே குழு கண்டிருந்தது இன்னும் நுட்பமானது. நோயின் வெளிப்பாடு ஒரே அளவில் இருந்த நோயாளிகளை ஒப்பிட்டபோது, அதிகம் படித்தவர்களின் மூளையிலேயே இரத்த ஓட்டம் அதிகம் குறைந்திருந்தது; அதாவது, அவர்களுக்குள் நோய் ஏற்கெனவே வெகுதூரம் முன்னேறியிருந்தும் வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது.

கையிருப்பு என்ற சொல் வங்கிக் கணக்கை நினைவூட்டுவதால் சற்றே வழிதவறச் செய்யும் சொல்லுமாகும். தமிழ்நாட்டின் ஏரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு வேறோர் ஒப்புமை எளிதில் விளங்கும். ஏரியின் கொள்ளளவு என்பது ஒன்று; அதில் சேரும் வண்டலை அவ்வப்போது தூர்வாரிக் காப்பது மற்றொன்று; நீர் குறைந்த ஆண்டிலும் எந்த மடையை எப்போது திறந்து எந்த வாய்க்காலில் எவ்வளவு விட்டால் கடைமடை வயல் காயாது என்பதை அறிந்த, ஊருக்கு நீர் பங்கிடும் பணியாளரான நீர்க்கட்டியின் கைத்திறன் மூன்றாவது. நரம்பணுக்களின் எண்ணிக்கையையும் மூளையின் பருமனையும் குறிக்கும் ‘மூளை இருப்பு’ கொள்ளளவை ஒத்தது. சேதமே சேராமல் காக்கும் ‘மூளைப் பராமரிப்பு’, சுவீடனின் உமேயோ பல்கலைக்கழகத்து லார்ஸ் நைபெர்க் முதலானோர் 2012-இல் வலியுறுத்திய கருத்து, அது தூர்வாருதல். அறிதிறன் கையிருப்போ நீர்க்கட்டியின் திறன்: தண்ணீரைக் கூட்டாமலே பாசனத்தைக் காப்பாற்றுவது. சகோதரி மேரியின் ஏரி சிறியது, வண்டலும் நிறைந்தது. அவருடைய நீர்க்கட்டியோ கைதேர்ந்தவர்.

அந்த நீர்க்கட்டி மூளையின் எந்த இடத்தில், எவ்வாறு வேலை செய்கிறார் என்பதை அறிய, நோயற்ற முதியவர்கள் சிந்திக்கும்போதே அவர்களுடைய மூளையைப் படமெடுக்கும் ஆய்வுகள் கடந்த முப்பது ஆண்டுகளாக நடந்து வருகின்றன. அவற்றில் பெரிதும் பயன்படும் ‘செயல்சார் எம்ஆர்ஐ’ கருவி நரம்பணுக்களின் செயல்பாட்டை நேரடியாக அளப்பதில்லை. ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே பாயும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவில் உண்டாகும் மாற்றத்தையே அளக்கிறது. முதுமையில் இரத்தக் குழாய்களும் முதுமை அடைகின்றன என்பதால், படத்தில் தெரியும் வேறுபாடு முழுவதும் சிந்தனையின் வேறுபாடுதான் என்று கொள்வதற்கில்லை. நாளிதழ்களில் வண்ணமயமாக அச்சாகும் மூளைப் படங்களுக்கு அடியில் இந்த எச்சரிக்கை இடம்பெறுவது அரிது.

இவ்வகைச் சோதனை ஒன்றைச் சற்று அருகில் சென்று காண்பது பயன்தரும். கருவிக்குள் படுத்திருக்கும் முதியவரின் கண்முன் உள்ள திரையில் ஓர் எழுத்தோ, மூன்று எழுத்துகளோ, ஆறு எழுத்துகளோ சில விநாடிகள் தோன்றி மறைகின்றன. வெற்றுத்திரை சில விநாடிகள் நீடிக்கிறது. பிறகு ஒற்றை எழுத்து ஒன்று தோன்றுகிறது; அது முன்பு கண்டவற்றுள் இருந்ததா இல்லையா என்று பொத்தானை அழுத்தி அவர் விடை சொல்ல வேண்டும். எழுத்துகள் கூடக்கூட இளையவர்களின் மூளையில் ஒரு குறிப்பிட்ட வலைப்பின்னல் மேலும் மேலும் முனைப்படைகிறது. ஸ்டெர்ன் குழுவினர் இச்சோதனையை முதியவர்களிடம் நடத்தியபோது, அவர்களுள் சிலர் அதே வலைப்பின்னலோடு இரண்டாவதாக வேறொன்றையும் துணைக்கு அழைப்பது தெரிந்தது. ஆனால், அந்த இரண்டாவது வலைப்பின்னலை நாடியவர்கள் மற்ற முதியவர்களைவிடச் சிறப்பாக விடை சொல்லவில்லை. ஊன்றுகோல் பிடித்து நடப்பவர், ஊன்றுகோல் தேவைப்படாதவரைவிட வேகமாக நடப்பதில்லை; ஆனால், அதைப் பிடுங்கிவிட்டால் அவரால் நடக்கவே இயலாது. மூளையில் கூடுதலாகத் தென்படும் செயல்பாடு சில வேளைகளில் வலிமையின் அடையாளமாக இல்லாமல், தேவையின் அடையாளமாக இருக்கலாம் என்பதே இதன் பொருள்.

இதற்கு மாறான சான்றுகளும் உண்டு. டியூக் பல்கலைக்கழகத்தின் ராபர்ட்டோ கபேசா 2002-இல் வெளியிட்ட ஆய்வில், இளையவர்கள் நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் பகுதியை ஒருபக்கமாகவே பயன்படுத்திச் செய்த நினைவுப் பணியை, திறன் குறைந்த முதியவர்களும் இளையவர்களைப் போல ஒருபக்கமாகவே செய்தனர். திறன் மிகுந்த முதியவர்களே இடம், வலம் என்னும் இரு அரைக்கோளங்களையும் சேர்த்துப் பயன்படுத்தினர். ஒரு கை தளர்ந்தபோது இரு கைகளாலும் தூக்கியவர்கள் வென்றனர் என்று இதற்குப் பொருள் கூறப்பட்டது. பின்னர் பேட்ரிசியா ராய்ட்டர்-லோரன்சும் அவருடைய சக ஆய்வாளரும் 2008-இல் முன்வைத்த விளக்கம் இவ்விரண்டையும் ஓரளவு இணைக்கிறது: எளிய பணியிலேயே முதிய மூளை இளைய மூளையைவிடக் கூடுதலாக உழைக்கிறது, அதனால் பணி சமமான திறனோடு நிறைவேறுகிறது, பணியின் கடினம் கூடும்போது இளைய மூளைக்கு இன்னும் இடமிருக்க, முதிய மூளை தன் உச்சவரம்பை முன்னதாகவே தொட்டுவிடுவதால் செயல்பாடும் திறனும் ஒருசேரச் சரிகின்றன. ஆகவே ஒரே முதியவரின் மூளை, கேட்கப்படும் கேள்வியைப் பொறுத்து, இளையவரின் மூளையைவிடக் கூடுதலாகவும் ஒளிரலாம், குறைவாகவும் ஒளிரலாம்.

விவாதம் இதோடு ஓய்ந்துவிடவில்லை. அலெக்சா மோர்கமும் ரிச்சர்ட் ஹென்சனும் 2018-இல் வெளியிட்ட பகுப்பாய்வு, முதியவர்களின் முன்மூளையில் கூடும் செயல்பாடு பணிக்குத் தேவையான கூடுதல் தகவல் எதையும் சுமக்கவில்லை என்றும், அது ஈடுசெய்யும் முயற்சியாக இல்லாமல் நுணுக்கம் மழுங்கியதன் விளைவாகவே தோன்றுகிறது என்றும் கூறியது. பயிற்சி பெற்ற மூளை குறைவாகவே எரிபொருள் செலவிடும் என்பது வேறு வழியாகவும் அறியப்பட்டதே; ரிச்சர்ட் ஹையர் 1992-இல், ‘டெட்ரிஸ்’ என்னும் கணினி விளையாட்டில் சில வாரங்கள் தேர்ச்சி பெற்ற இளைஞர்களின் மூளைப் புறணியில் குளுக்கோஸ் செலவு குறைந்திருந்ததைக் காட்டினார். கைதேர்ந்த சமையற்காரர் அடுப்படியில் ஓடியாடுவதில்லை. எனவே ‘மூளையை எப்போதும் சுறுசுறுப்பாக வைத்திருங்கள்’ என்னும் பரவலான அறிவுரை, படமெடுக்கும் கருவியின் கண்ணால் பார்த்தால், பாதி உண்மையே.

இவ்வளவு நுட்பமான ஒன்றைப் பெரும்பாலான ஆய்வுகள் எந்த அளவுகோலால் அளக்கின்றன என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும்: பள்ளியில் கழித்த ஆண்டுகளின் எண்ணிக்கை. நியூயார்க்கில் அது ஓரளவு பொருந்தலாம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு பெற்றவர்கள் 18.33 சதவீதமும், பெண்களுள் 8.86 சதவீதமுமாக இருந்த இந்தியாவில், அக்காலத்தில் பிறந்து இன்று எழுபதுகளில் இருக்கும் ஒரு பெண்ணுக்குப் பள்ளி ஆண்டுகள் சுழியம் என்பது அவருடைய அறிவைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அவர் பிறந்த வீட்டையும் சாதியையும் ஊரையும் பற்றியே சொல்கிறது. நெல் விலையையும் வட்டிக் கணக்கையும் மனத்தில் வைத்துக் குடும்பம் நடத்தியவர், நூறு உறவினரின் முறைகளையும் அவரவர்க்குச் செய்த மொய்யையும் பிசகாமல் சொல்லக்கூடியவர், ஆய்வாளரின் படிவத்தில் கையிருப்பே இல்லாதவராகப் பதிவாகிறார்.

இந்தச் சிக்கலை நேர்மையாக எதிர்கொண்ட முயற்சி ஒன்று இந்தியாவிலேயே நடந்தது. அரியானா மாநிலத்தின் பல்லப்கர் கிராமங்களில், பெரும்பாலும் எழுத்தறிவற்ற முதியவர்களிடம் இந்திய-அமெரிக்கக் கூட்டாய்வு ஒன்று 1990-களில் மேற்கொள்ளப்பட்டபோது, உலகெங்கும் பயன்படும் மனநிலைச் சோதனைத் தாளை அப்படியே மொழிபெயர்ப்பது பயனற்றது என்பதை உணர்ந்த ஆய்வாளர்கள் அதனை மாற்றி அமைத்தனர். இன்றைய தேதி என்ன என்பதற்குப் பதிலாக இது காலையா, மதியமா, மாலையா என்று கேட்டனர். ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்ற இடத்தில், உங்கள் வீட்டைப் பற்றி ஏதேனும் ஒன்று சொல்லுங்கள் என்றனர். நினைவில் வைக்க வேண்டிய பொருள்களுள் மாம்பழமும் நாணயமும் இடம்பெற்றன. 65 வயதுக்கு மேற்பட்டோரில் ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 4.7 பேர் என்ற அளவிலேயே அங்கே அல்சைமர் நோய் புதிதாகத் தோன்றுவதை அவ்வாய்வு கண்டது. ஒப்பிடப்பட்ட அமெரிக்கப் பகுதியான மொனாங்ககீலா பள்ளத்தாக்கில் அது 17.5. குறைந்த ஆயுளும், மறதியை முதுமையின் இயல்பாகவே ஏற்றுக்கொள்ளும் குடும்பச் சூழலும் இந்த வேறுபாட்டில் பங்கு வகித்திருக்கக் கூடும். ஆயினும், எழுத்தறிவு இல்லாமையும் மறதிநோயும் எங்கும் கைகோத்தே வரும் என்ற எளிய சமன்பாடு அங்கே உடைந்தது.

கையிருப்பு பள்ளிக்கு வெளியேயும் சேரும் என்பதற்கு வலுவான குறிப்பு ஐதராபாத்திலிருந்து வந்தது. நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர், மறதிநோய்க்குச் சிகிச்சை பெற வந்த 648 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழி பேசுவோருக்கு ஒருமொழி மட்டும் பேசுவோரைவிட நோய் சராசரியாக நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. கல்வியின் நிழலே இது என்று ஒதுக்கிவிட முடியாதபடி, எழுத்தறிவே இல்லாதவர்களிடமும் அந்தத் தாமதம் காணப்பட்டது. தெலுங்கும் தக்கினியும் இந்தியும் தெருவிலேயே புழங்கும் நகரம் அது என்பதால், அங்கே இரண்டாம் மொழி என்பது வகுப்பறையில் வாங்கிய சான்றிதழ் அன்று. கடைவீதியில் பழகிய நாக்கு.

இந்த முடிவைக் கொண்டாடுவதற்கு முன் ஒரு தடையையும் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்க்கும் ஆய்வுகள் இருமொழியின் நன்மையைக் காட்டுவது போல, நலமாக உள்ளவர்களை முன்னோக்கிப் பின்தொடரும் ஆய்வுகள் பெரும்பாலும் காட்டவில்லை. அறிவுக்கூர்மை உள்ளவர்களே கூடுதல் மொழி கற்றிருக்கலாம் என்ற ஐயத்துக்கு ஓரளவு விடை ஸ்காட்லாந்தில் கிடைக்கிறது. 1947-இல் அந்நாட்டின் பதினொரு வயதுச் சிறுவர் சிறுமியர் ஏறத்தாழ அனைவருக்கும் ஒரே அறிவுத்திறன் தேர்வு நடத்தப்பட்டிருந்ததால், அவர்களுள் எடின்பரோ பகுதியில் வாழ்ந்த 853 பேரை எழுபது வயதுக்குப் பிறகு மீண்டும் சோதித்தபோது, சிறுவயதுத் திறனைக் கணக்கில் கழித்த பிறகும் இரண்டாம் மொழி அறிந்தவர்கள் எதிர்பார்ப்பைவிடச் சற்று மேலாகவே இருந்தனர். ஆகவே விட்டுவிட இயலாத கருத்து. ஆனால், ஐம்பது வயதில் மொழிவகுப்பில் சேர்ந்தால் மறதிநோய் வராது என்று விளம்பரப்படுத்தும் அளவுக்கு உறுதிப்படாத கருத்து.

கையிருப்பு எதைச் செய்யாது என்பதும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். மார்ட்டின் லோவ்டேன் உள்ளிட்டோர் 2020-இல் தொகுத்துக் காட்டியபடி, கல்வி ஒருவரை உயர்ந்த படியிலிருந்து இறங்கத் தொடங்க வைக்கிறதே தவிர, இறங்கும் வேகத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் முதியவர்களை நெடுங்காலம் தொடர்ந்த ஆய்வின் 2007-ஆம் ஆண்டு முடிவின்படி, கூடுதலான ஒவ்வொரு கல்வி ஆண்டும் நினைவுத்திறன் வேகமாகச் சரியத் தொடங்கும் காலத்தை 0.21 ஆண்டு, அதாவது ஏறத்தாழ இரண்டரை மாதம், தள்ளிப்போட்டது. ஆனால், சரிவு தொடங்கியபின் அதிகம் படித்தவர்களே வேகமாகச் சரிந்தனர். நோய் மறைவாக முற்றிக்கொண்டே வந்து, கையிருப்பு தீர்ந்த அன்று ஒரேயடியாக வெளிப்படுகிறது என்பதே இதற்கான விளக்கம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் பொறியாளரும் உள்ள வீடுகளில், ‘அவருக்கா மறதி, திருக்குறளை வரிசையாகச் சொல்வாரே’ என்ற நம்பிக்கையில் மருத்துவரிடம் செல்வது தள்ளிப்போவதற்கு இக்கண்டுபிடிப்பு ஓர் எச்சரிக்கை.

சந்தை இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு காத்திருக்கவில்லை. மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற லூமோசிட்டி என்னும் அமெரிக்க நிறுவனம், மறதியைத் தடுக்கும் என்ற பொருள்பட விளம்பரம் செய்ததற்காக அந்நாட்டு வணிக ஆணையத்துக்கு 2016-இல் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. 2,802 முதியவர்களிடம் நடந்த ‘ஆக்டிவ்’ என்னும் பெரிய சோதனையில், பயிற்சி அளிக்கப்பட்ட திறன் மட்டும் உயர்ந்ததே தவிர, நினைவுக்குப் பயிற்சி பெற்றவர் பகுத்தறிவுச் சோதனையிலும் முன்னேறிவிடவில்லை. சுடோகு போடுபவர் சுடோகுவில் தேர்கிறார். அதில் குற்றமில்லை, அதற்கு மாதச் சந்தா கட்டுவதுதான் தேவையற்றது.

பணம் செலவிடத் தக்க இடம் வேறு. ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகள் உலகின் மறதிநோயில் ஏறத்தாழ 45 சதவீதத்துக்குப் பொறுப்பாகின்றன. அவற்றுள் சிறுவயதில் கல்வி குறைவும், நடுவயதில் செவித்திறன் இழப்பும், உயர் இரத்த அழுத்தமும், நீரிழிவும், தனிமையும் அடங்கும். காது மங்கும்போது, ஒலியைப் பிரித்தறியவே மூளை தன் உழைப்பில் பெரும்பங்கைச் செலவிட நேர்வதோடு, பேச்சில் கலந்துகொள்ள இயலாமல் மனிதர் மெல்லத் திண்ணையின் ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகிறார். அமெரிக்காவில் 977 முதியவர்களிடம் மூன்று ஆண்டுகள் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வில், செவிக்கருவி அளித்ததால் மொத்தக் குழுவுக்கும் பலன் தெரியாவிட்டாலும், நலிவுக்கான ஆபத்து மிகுந்த பிரிவினரிடம் அறிதிறன் சரிவு 48 சதவீதம் குறைந்தது. அந்தப் பிரிவினர் மற்றவர்களைவிட வயது கூடியவர்கள், கல்வியும் வருமானமும் குறைந்தவர்கள்; நம் கிராமப்புற முதியோரில் பெரும்பாலோரின் நிலையும் அதுவே.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுள் 7.4 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கின்றனர் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அது கூடுதல். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பு யார் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர், யார் அனுப்பப்படவில்லை என்பதன் தடம் இந்தக் கணக்கில் படிந்திருக்கிறது. 1950-களின் பிற்பகுதியில் காமராசர் ஆட்சியில் மதிய உணவுக்காகப் பள்ளிப் படியேறிய பிள்ளைகள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கூடவே மிதிவண்டி ஓட்டவும் கற்ற கல்குவாரித் தொழிலாளர்களான பெண்களுள் பலர் அறுபதைக் கடந்துவிட்டனர். நடுவயதில் கற்ற எழுத்து முதுமையில் மூளைக்கு என்ன செய்கிறது என்னும் கேள்விக்கு விடைதேட உலகில் இதைவிடப் பொருத்தமான மக்கள் கூட்டம் கிடைப்பது அரிது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் மருத்துவக் கல்லூரிகளும் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அந்த ஆய்வைத் தொடங்க வேண்டும்.

அரசு செய்யத் தக்கது அதைவிட எளிது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மகளிர் தன்னார்வலர்கள், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளக்கும் கருவிகளோடு வீடுவீடாகச் செல்கின்றனர். மூளையின் இரத்தக் குழாய்களைக் காக்கும் பணியை அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கின்றனர். முதியவரின் பின்னே ஒரு கை தூரத்தில் நின்று மூன்று எண்களை மெல்லிய குரலில் முணுமுணுத்து, அவற்றைத் திருப்பிச் சொல்லச் செய்யும் செவிச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு நிமிடமே ஆகும். அதில் தவறுபவர்களுக்கு, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள முதியோருக்கென 2017-இல் தொடங்கிய மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் செவிக்கருவி இலவசமாகவே வழங்கப்படுகிறது. அத்தோடு, உங்கள் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள் என்பது போன்ற, எழுதப் படிக்கத் தெரியாதவரையும் மதிக்கும் நாலைந்து கேள்விகள் கொண்ட தாள் ஒன்றையும் அந்தத் தன்னார்வலர்களின் பையில் சேர்க்க மக்கள் நல்வாழ்வுத் துறை இந்த ஆண்டே ஆணையிட வேண்டும்.